டெப்பில் இல்லாதது: பேஸ் கிட்டாரில் றொக் பாட்டுப் பழகத் தொடங்குவோருக்கு

கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மேல்மாடியில்தான் நான் முதன்முதலாக ஒரு டிரம்ஸ்காரரோடு சேர்ந்து பேஸ் வாசித்தேன். இரண்டு கிழமையாக டெப் (எந்தக் கம்பியில் எந்தக் கட்டத்தை அழுத்துவது என்று எண்ணால் எழுதிய தாள்) பார்த்துப் பாட்டைப் பாடமாக்கி வைத்திருந்தேன். ஒரு நோட் பிசகவில்லை. பாதியில் அண்ணா குச்சிகளை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, நோட்டெல்லாம் சரி. ஆனா நீர் எந்த வீட்டில இருந்து வாசிக்கிறீர்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் என் முன்னால் இருந்த டெப் தாளை எடுத்து நாலாக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இப்ப கிட்டாரைத் தொடாதையும். வாயால சொல்லும்" என்றார். டிரம்ஸுக்கு வருவதற்கு முதல் மிருதங்கம் பழகி அரங்கேற்றமும் செய்தவர் அவர். அன்றைக்கு அரை மணித்தியாலம் நான் ஒரு கம்பியையும் தட்டவில்லை. "தக தக" என்று சொல்லிக்கொண்டு முழங்காலில் தட்டினேன். அதற்குப் பிறகு வாசித்தபோது அதே நோட்டுகள் பாட்டாகக் கேட்டன.

டெப் எந்தக் கம்பி, எத்தனையாவது கட்டம் என்று சொல்லும். எப்போது தட்டுவது, எவ்வளவு நேரம் விடுவது, எப்போது நிறுத்துவது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது. பேஸ் வாசிப்பில் பாதி வேலை அந்தச் சொல்லாத பாதியில்தான் இருக்கிறது. இந்த வழிகாட்டி அதை நிரப்புவதைப் பற்றியது. கூடவே, கொழும்பில் ஒரு பேஸை வாங்கி, ரியூன் பண்ணி, அயல் வீட்டாரோடு சண்டை வராமல் பழகுவது பற்றியும் கொஞ்சம்.

கையில் எடுப்பதற்கு முன்

நாலு கம்பி பேஸே போதும். ஐந்து கம்பி அழகாகத்தான் இருக்கும், ஆனால் தொடக்கத்தில் சத்தம் அடக்கவேண்டிய கம்பி ஒன்று கூடுகிறது. அளவில் இரண்டு வகை உண்டு. வழமையானது 34 அங்குல நீளக் கம்பி, சிறியது 30 அங்குலம். கை சின்னது, வயது பன்னிரண்டு பதின்மூன்று என்றால் 30 அங்குலத்தை வெட்கப்படாமல் வாங்கலாம்.

பழைய சாமான் வாங்குகிறவர்கள்தான் எங்களில் அதிகம். பார்க்கப் போகும்போது மூன்று விஷயம் செய்யுங்கள். தடித்த கம்பியை முதலாம் ஃபிரெட்டிலும் (ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடு) கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, நடுவில் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு கடுதாசி நுழையும் அளவென்றால் நல்லது. விரலே நுழையும்போல் இருந்தால் கழுத்து வளைந்திருக்கிறது. அதைக் கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை முடுக்கிச் சரிசெய்யலாம், ஆனால் அந்த முடுக்கி இறுகிப்போயிருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். எங்காவது 'சர்ர்' என்று அடித்தால் அந்த இடத்தைக் குறித்துவைத்து விலையைக் குறைக்கச் சொல்லலாம். மூன்றாவது, அம்ப்பில் (ஒலிபெருக்கிப் பெட்டி) சொருகி, கேபிள் முனையை மெல்ல ஆட்டுங்கள். கரகரத்தால் சொருகும் இடத்தில் வேலை இருக்கிறது. அது சின்ன வேலைதான்.

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கடல்பக்கமாக இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஜன்னல் கதவு துருப்பிடிக்கும் வேகத்தில் கம்பியும் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழுமாகத் துடையுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் அந்தச் சின்னச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை எறியாமல் உறைக்குள் போட்டுவையுங்கள். பேஸ் கம்பி ஒரு செட் வாங்குகிற காசுக்கு சாதாரணக் கிட்டார் கம்பி சில செட் வாங்கலாம்.

அம்ப் உடனே வேண்டாம். ஹெட்போன் சொருகும் சின்ன அம்ப் ஒன்று போதும். வீட்டு ஹைஃபை செட்டில் சொருகிச் சத்தத்தைக் கூட்டாதீர்கள், ஸ்பீக்கர் போய்விடும். பழைய வீடுகளில் பிளக் பொயின்ற்றுக்கு எர்த் இல்லாமல் இருப்பதுண்டு. கம்பியைத் தொடும்போது விரலில் 'சுர்' என்று அடித்தால் வாசிப்பதை நிறுத்தி, மின்வேலைக்காரரைக் கூப்பிடுங்கள். இதில் விளையாட்டு இல்லை.

சும்மா ஒரு இரைச்சல் மட்டும் கேட்கிறது, கம்பியில் கை வைத்தால் அடங்குகிறது என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அதிர்வு. தடித்த கம்பியின் மூன்றாம் கட்டம் 49, நாலாம் கட்டம் ஏறக்குறைய 52. அதாவது எங்கள் வீட்டு மின்சாரம் இரண்டுக்கும் நடுவில் இரைகிறது. மூன்றாம் கட்டத்தில் வாசிக்கும் பாட்டுகளில் இந்த இரைச்சல் கூடவே நின்று முரண்டு பிடிப்பது எனக்கு இப்போதும் எரிச்சல் தரும்.

ரியூனிங்

தடித்ததிலிருந்து மெல்லியதுக்கு: ஈ, ஏ, டி, ஜி. ஹேர்ட்ஸ் கணக்கில் ஏறக்குறைய 41, 55, 73, 98. சாதாரணக் கிட்டாரின் தடித்த நாலு கம்பிகளின் அதே பெயர்கள், ஆனால் ஒரு ஸ்தாயி கீழே.

தொலைபேசியில் இலவச டியூனர் செயலிகள் இருக்கின்றன. ஆனால் ஈ கம்பியைத் தட்டினால் முள் பைத்தியம் பிடித்ததுபோல ஆடும், ஏனென்றால் தொலைபேசியின் சின்ன மைக்குக்கு 41 வடிவாகக் கேட்காது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. 12ஆம் ஃபிரெட்டின் உலோகக் கம்பிக்கு நேர் மேலே விரலை வைத்து, அழுத்தாமல், தொட்டும் தொடாமலும் பிடித்துத் தட்டி உடனே விரலை எடுங்கள். மணியடித்தாற்போல ஒரு மேல் ஸ்தாயிச் சத்தம் வரும். அது 82. டியூனருக்கு அது நன்றாகப் பிடிக்கும். கொஞ்சம் காசு செலவழிக்கலாமென்றால் தலைப்பகுதியில் கவ்வும் டியூனர் வாங்குங்கள். அது காற்றைக் கேட்காமல் மர அதிர்வைப் பிடிப்பதால், வெளியே ரயில் போனாலும் குழம்பாது.

தொலைபேசி ஸ்பீக்கரில் பாட்டுக் கேட்டுப் பேஸ் பழக முயலவேண்டாம் என்பதற்கும் இதே காரணம்தான். அந்தச் சின்ன ஸ்பீக்கர் பேஸின் அடிச்சத்தத்தை வெளியே விடாது. பேஸ் எங்கே என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள். ஹெட்போன் போடுங்கள்.

டெப்பைப் படிப்பது

முழுப்பெயர் டெப்லேச்சர். ஐந்து நிமிட வேலை. நாலு கோடு, நாலு கம்பி. கீழ்க்கோடு தடித்த ஈ, மேல்கோடு மெல்லிய ஜி. தலைகீழாக இருக்கிறதே என்று முதலில் எல்லாருக்கும் தோன்றும். கிட்டாரை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துக் குனிந்து பாருங்கள். தடித்த கம்பி உங்கள் வயிற்றுப் பக்கம், அதாவது பார்வைக்குக் கீழே. டெப் காட்டுவது அந்தக் காட்சிதான்.

கோட்டின் மேல் உள்ள எண் எத்தனையாவது ஃபிரெட் என்பது. 0 என்றால் எதையும் அழுத்தாமல் தட்டுவது. இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டு போகவேண்டியதுதான். இணையத்தில் இருக்கும் தாள்களில் கம்பிப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருக்கும். எண்களுக்கு நடுவே ஆங்கில 'எச்' வந்தால், முதல் நோட்டை மட்டும் தட்டி அடுத்ததை இடதுகை விரலால் சுத்தியல்போல அடித்து எழுப்புவது. 'பி' வந்தால் அதற்கு எதிர்மாறு, விரலை இழுத்து விடுவது. சாய்கோடு என்றால் சறுக்குவது. 'எக்ஸ்' என்றால் கம்பியில் கையை வைத்து மூடியபடி 'டக்' என்று தட்டுவது, சுருதி வராது. அடைப்புக்குறிக்குள் எண் இருந்தால் மெதுவாக, கேட்டும் கேட்காததுமாக. சிலர் முன் நோட்டை நீட்டிப் பிடிப்பதற்கும் அதே குறியைப் போடுகிறார்கள். எழுதுபவருக்கு எழுதுபவர் மாறும்.

எண்ணை மட்டும் எழுதினால் போதும் என்பது ஃபிரெட் இருப்பதால்தான். 1951இல் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் தன் மின்பேஸுக்குப் 'பிரிசிஷன்' (துல்லியம்) என்று பெயர் வைத்ததும் அதனால்தான். ஃபிரெட் இல்லாத பெரிய டபுள் பேஸில் சுருதியைக் காதால் தேடவேண்டும். இதில் கட்டத்தை அழுத்தினால் சுருதி அங்கே இருக்கிறது. வீணை பழகிய வீடுகளில் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை. வீணையின் மெட்டுக்குப் பதில் ஃபிரெட், அவ்வளவுதான்.

டெப் இணையத்தில் பிறந்ததென்று நினைப்பவர்கள் உண்டு. 1507இலேயே வெனிஸில் ஒட்டாவியானோ பெட்ருச்சி லூட் என்ற நரம்புக் கருவிக்கு டெப் அச்சடித்து விற்றார். அந்தப் பழைய டெப்பில் எண்களுக்கு மேலே கொடிபோல வால் வைத்த குறிகள் இருக்கும். ஒவ்வொரு நோட்டும் எவ்வளவு நேரம் என்பதை அவை சொல்லும். நேரக் கணக்கை விட்டுவிட்டது பிற்காலத்தில் கணினி விசைப்பலகையில் கோடும் எண்ணும் தட்டி எழுதிய நாங்கள்தான். கொடி வரைய விசை இல்லை, அதனால் விட்டுவிட்டோம்.

கிட்டார் புரோ போன்ற மென்பொருள்களில் எழுதிய டெப்பில் எண்களுக்குக் கீழே அந்தக் கணக்கு மறுபடி வந்திருக்கிறது. அந்த வகைக் கோப்புகளைத் திறந்து வாசித்துக்காட்ட டக்ஸ்கிட்டார் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. கிடைத்தால் அதையே பாவியுங்கள். ஆனாலும் கணினி வாசித்துக் காட்டுவதைக் கேட்டுப் பழகுவதும், அசல் பாட்டைக் கேட்டுப் பழகுவதும் ஒன்றல்ல.

வாயால் வாசிப்பது

இதுதான் அண்ணா சொல்லித் தந்தது. மிருதங்கமோ நடனமோ பழகியவர்கள் இதைச் சின்ன வயதிலேயே வைத்திருக்கிறீர்கள், பேஸோடு சேர்த்துப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

றொக் பாட்டில் பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு நாலு அடி. ஒவ்வொரு அடியையும் இரண்டாகப் பிரித்தால் 'தக'. நாலாகப் பிரித்தால் 'தகதிமி'. மூன்றாகப் பிரித்தால் 'தகிட'. காலால் அடியைப் போடுங்கள், 'த' எப்போதும் காலோடு விழவேண்டும். இப்போது நானே எழுதிய ஒரு சின்னத் துண்டைப் பாருங்கள். எந்தப் பாட்டிலிருந்தும் எடுத்ததல்ல. இதில் ஒவ்வொரு இரண்டு இடமும் அரை அடி.

ஜி |-----------------|-----------------|
டி |-----------------|-----------------|
ஏ |-0-0---3---0-----|-0-0---3-5---3---|
ஈ |-------------3---|-----------------|

வெறும் எண்ணாகப் பார்த்தால்: 0, 0, 3, 0, பிறகு தடித்த கம்பியில் 3. இரண்டாம் சுற்று 0, 0, 3, 5, 3. இப்படியே வரிசையாகச் சம இடைவெளி விட்டு வாசித்துப் பாருங்கள். பள்ளிக்கூட மணி அடித்ததுபோல இருக்கும். கொட்டாஞ்சேனையில் நான் செய்தது அதுதான்.

இனி கிட்டாரை வைத்துவிட்டு, 'தக தக தக தக' என்று ஒரே வேகத்தில் சொல்லிக்கொண்டே இருங்கள். நோட் உள்ள இடத்தில் சத்தமாக, இல்லாத இடத்தில் மனதுக்குள். முதல் சுற்று இப்படி வரும்:

த க · க · க த ·

இரண்டாம் சுற்று:

த க · க த · த ·

முதல் சுற்றில் இரண்டாவது, மூன்றாவது அடிகளில் கால் நிலத்தில் விழும்போது வாய் மூடியிருக்கிறது, கால் மேலே எழும்போது வாய் திறக்கிறது. கால் ஒன்று சொல்ல வாய் வேறொன்று சொல்லும். அந்த இழுபறிதான் றொக். முதலில் வாய் காலோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும், விடாதீர்கள். வாயில் வந்த பிறகு கிட்டாரை எடுத்து, எண்ணையெல்லாம் மறந்து, ஏ கம்பியை 0இல் மட்டும் வைத்து அந்தத் தாளத்தை வாசியுங்கள். அதற்கும் பிறகுதான் எண்கள். இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம்: காது, வாய், ஒரே கம்பி, பிறகு டெப்.

எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்கு ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. கலியாண வீடு, பிறந்தநாள், மட்ச் என்று காதில் விழுந்ததெல்லாம் பைலா. அது ஆறெட்டுத் தாளம், 'தகிட தகிட' என்று உருளும். என் கை பல மாதம் நேரான 'தக'வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் 'தகிட' பக்கம் சாய்த்துக்கொண்டு போனது. மெட்ரோநோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) வைத்துப் பதிவு பண்ணிக் கேட்கும்வரை எனக்கே தெரியவில்லை. அது குறையில்லை, ஆனால் எப்போது சாய்கிறோம் என்று தெரிந்திருக்கவேண்டும்.

மறுபக்கம் லாபமும் உண்டு. பிங்க் ஃபுளொயிட்டின் 1973ஆம் ஆண்டுப் பாட்டு 'மணி'யில் பேஸ் ஏழு அடிச் சுற்றில் போகிறது. ஏழு என்றதும் மேற்கத்தேய முறையில் பழகுபவர்கள் திணறுவார்கள். மிஸ்ர சாப்பு கேட்டு வளர்ந்தவருக்கு ஏழில் என்ன பயம்? (நடுவில் கிட்டார் தனியாவர்த்தனத்தில் அது நாலுக்கு மாறும், அங்கே விழித்திருங்கள்.)

கைகள்

வலதுகைப் பெருவிரல் பிக்கப்பின் (கம்பிகளுக்குக் கீழே அதிர்வைப் பிடிக்கும் கட்டை) மேல் இளைப்பாறட்டும். சுட்டுவிரல், நடுவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்று மாறிமாறித் தட்டுங்கள். ஒரே விரலால் வாசிக்கப் பழகிவிட்டால் வேகமான பாட்டில் மாட்டிக்கொள்வீர்கள். தட்டிய விரல் அடுத்த தடித்த கம்பியில் போய் முட்டி நிற்கவேண்டும். அப்படி நின்றால் அந்தக் கம்பியும் தானாக அடங்கும். பிக் (கம்பியைத் தட்டும் சின்னத் தகடு) பாவிப்பதும் பிழையில்லை, றொக்கில் பலர் அதையே பாவிக்கிறார்கள்.

இடதுகையில் ஃபிரெட்டின் உலோகத்துக்குச் சற்றுப் பின்னால் அழுத்துங்கள், கட்டத்தின் நடுவில் அல்ல. பாதிப் பலம் போதும். முதல் ஐந்து கட்டங்களில் இடைவெளி பெரியது. கட்டத்துக்கு ஒரு விரல் என்று நீட்டிக் கையைக் கெடுத்துக்கொள்ளவேண்டாம். டபுள் பேஸ்காரர்களின் பழைய வழி ஒன்றிருக்கிறது: சுட்டுவிரல், நடுவிரல், அதன்பின் மோதிரவிரலும் சின்னவிரலும் சேர்ந்து ஒரே விரலாக. நாலு விரலுக்கு மூன்று கட்டம். மணிக்கட்டு வலித்தால் நிறுத்துங்கள். விரல் நுனி எரிவது பரவாயில்லை, இரண்டு மூன்று கிழமையில் தோல் தடித்துவிடும்.

எந்தப் பாட்டில் தொடங்குவது

யூடூவின் 1987ஆம் ஆண்டு 'வித் ஓர் விதவுட் யூ'. நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இதில்தான் தொடங்குவேன். நாலே நோட்: ஏ கம்பியில் 5, ஈ கம்பியில் 5, ஈ கம்பியில் 7, ஈ கம்பியில் 3. ஒவ்வொன்றும் எட்டுத் தடவை, 'தக தக தக தக'. பாட்டு முழுக்க அதே சுற்றுத்தான்.

இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். ஐந்து நிமிடம் அதை வேகம் கூடாமல் குறையாமல், எட்டுத் தட்டும் ஒரே கனத்தில் வாசித்துப் பாருங்கள். மூன்றாவது நிமிடத்தில் முன்கை கனக்கும். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கை தன்னாலே ஓடப் பார்க்கும். யூடூவின் பேஸ்காரர் ஆடம் கிளெய்டன் ஓடவில்லை. அவர் நிற்கிற இடத்தில் நிற்பதால்தான் மற்றவர்கள் மேலே ஏற முடிகிறது. வாசித்ததைத் தொலைபேசியில் பதிவுசெய்து அசல் பாட்டோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். வெட்கமாக இருக்கும். எல்லாருக்கும் அப்படித்தான்.

இரண்டாவதாக, குயீனின் 1980ஆம் ஆண்டு 'அனதர் வன் பைட்ஸ் த டஸ்ட்'. குழுவின் பேஸ்காரர் ஜோன் டீக்கன் எழுதி வாசித்தது. இதில் படிக்கவேண்டியது நோட்டுகளை அல்ல, அவற்றுக்கு நடுவில் உள்ள மௌனத்தை. தட்டிய நோட்டை உடனே அடக்காமல் விட்டால் பாட்டு அங்கேயே செத்துவிடும். இடதுகை விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்தினால் சத்தம் நிற்கும். திறந்த கம்பியானால் இடதுகையை மெல்லப் படுக்கவையுங்கள். டெப்பில் இதற்கெல்லாம் குறியே இருக்காது. வெறும் கோடு போகும்.

'செவன் நேஷன் ஆர்மி' பற்றி ஒரு சொல். பேஸ் பழக வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அதைத்தான் கேட்பார்கள். த வைட் ஸ்ட்ரைப்ஸின் 2003ஆம் ஆண்டுப் பாட்டு அது, அந்தக் குழுவில் பேஸ்காரரே இல்லை. ஜாக் வைட் சாதாரணக் கிட்டாரின் சத்தத்தை ஒரு பெடலால் ஒரு ஸ்தாயி இறக்கி வாசித்தார். பேஸில் வாசிக்கச் சுகமாகத்தான் இருக்கும், ஏழே நோட். ஆனால் ஏழும் ஒரே நீளமல்ல. கடைசி இரண்டும் ஆறுதலாக இழுபடும், அதற்கு முந்தியவை நெருக்கியடித்துக்கொண்டு வரும். டெப்பை மட்டும் பார்த்து இதைச் சரியாக வாசித்த ஒருவரையும் நான் காணவில்லை. பாட்டைக் கேட்டவர்கள் எல்லாரும் டெப் இல்லாமலே பாடுகிறார்கள்.

த க்ரான்பெரிஸின் 'ஸோம்பி' கொழும்பில் எந்த மேடையிலும் ஒரு தடவை வரும். ஈ, சி, ஜி, அதன்பின் எஃப் ஷார்ப். நாலாவதற்குக் கிட்டார்காரரின் தாளில் டி என்று எழுதியிருப்பதைப் பார்த்து நீங்களும் டி வாசித்தால், ஜியிலிருந்து ஒரு படி இறங்கி ஈக்கு வரும் அந்த நடை போய்விடும்.

பாட்டோடு டெப் ஒத்துவராதபோது

முதலில் உங்கள் ரியூனிங்கைச் சந்தேகியுங்கள், பிறகு டெப்பை. சில பாட்டுகளில் குழுவே கம்பிகளை இறக்கி வைத்திருக்கும். கன்ஸ் அண்ட் ரோஸஸின் முதல் அல்பம் முழுக்க அரைச் சுருதி (ஒரு கட்டம்) கீழே. நிர்வாணாவின் 'கம் அஸ் யூ ஆர்' ஒரு முழுச் சுருதி (இரண்டு கட்டம்) கீழே. டெப்பின் தலைப்பில் இதை எழுதியிருப்பார்கள், யாரும் தலைப்பை வாசிப்பதில்லை.

அடுத்தது, இலவச டெப்புகளை எழுதியவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். சிலர் நன்றாகக் கேட்டு எழுதியிருப்பார்கள், சிலர் பாதியில் களைத்துப்போய் 'இரண்டாம் சரணமும் இப்படித்தான்' என்று முடித்திருப்பார்கள். அது இப்படித்தான் இருக்காது. ஒரே பாட்டுக்கு மூன்று டெப் எடுத்து ஒப்பிடுங்கள். மூன்றும் வேறுபடும் இடத்தில் உங்கள் காதுக்கு வேலை இருக்கிறது. யூடியூபில் வேகத்தை 0.75க்குக் குறைத்தால் சுருதி மாறாமல் மெதுவாக ஓடும். அந்த இரண்டு விநாடியை மட்டும் இருபது தடவை கேளுங்கள்.

நோட் சரி, ஆனால் இடம் பிழை என்பதும் உண்டு. ஒரே டி நோட்டை டி கம்பியில் 0, ஏ கம்பியில் 5, ஈ கம்பியில் 10 என்று மூன்று இடத்தில் எடுக்கலாம். மூன்றும் ஒரே சுருதி, ஆனால் குரல் வேறு. தடித்த கம்பியில் மேலே போனால் இருண்ட, உருண்ட சத்தம். திறந்த கம்பியில் பளிச்சென்று வரும். டெப் உங்கள் கையை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடவிட்டால், அது எழுதியவரின் சோம்பலாக இருக்கலாம். அந்தக் குழு மேடையில் வாசிக்கும் காணொளியில் பேஸ்காரரின் இடதுகை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கமராக்காரர் பாடகரையே காட்டிக்கொண்டிருப்பார், பொறுமை வேண்டும்.

இதற்கெல்லாம் இரண்டு குறுக்குவழி தெரிந்திருந்தால் போதும். எந்தக் கம்பியின் ஐந்தாம் கட்டமும் அடுத்த மெல்லிய கம்பியின் 0. ஒரு நோட்டின் மேல் ஸ்தாயி இரண்டு கம்பி தள்ளி, இரண்டு கட்டம் மேலே.

அயலட்டை

பேஸ் சத்தம் காற்றில் போவதைவிடச் சுவரில் அதிகம் போகும். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் நான் இருந்தபோது, எனக்கு மெதுவாகக் கேட்ட சத்தம் கீழ்வீட்டு அன்ரியின் சாப்பாட்டு மேசைக்குக் கிண்கிணி கட்டியிருக்கிறது. அவர் மேலே வந்து சண்டை போடவில்லை. "தம்பி, பின்னேரம் ஆறு மணிக்கு விளக்கு வைக்கிற நேரம் மட்டும் கொஞ்சம் நிப்பாட்டினா நல்லம்" என்றார். அன்றே அம்ப்பைத் தரையிலிருந்து தூக்கிக் கதிரையில் வைத்து, அடியில் மடித்த பெட்சீற் போட்டேன். பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மின்சாரம் இல்லாத நேரம், அல்லது எல்லாரும் நித்திரையான பிறகு: அம்ப் இல்லாமல், கிட்டாரின் மேல்கொம்பை மர அலுமாரியின் கதவில் சாய்த்து வைத்து வாசியுங்கள். அலுமாரி முழுக்க அதிரும், உங்களுக்கு மட்டும் கேட்கும். 2022இல் மணிக்கணக்காக மின்சாரம் போன நாட்களில் நான் பழகியதெல்லாம் அலுமாரியோடுதான்.

100ஆம் நம்பர் பஸ்ஸில் பேஸைக் கொண்டு போவதானால் முதுகில் போடாமல் முன்னால் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள். தலைப்பகுதி நீங்கள் நினைப்பதைவிட ஒரு முழம் மேலே இருக்கிறது, பஸ்ஸின் கம்பியில் அடிபட்டால் ரியூனிங் மட்டுமல்ல, திருகியும் வளையும்.

சொந்தக் கொப்பி

இரண்டு மூன்று பாட்டு வந்ததும் இணையத் தாளை அச்சடிப்பதை நிறுத்தி, நீங்களே எழுதத் தொடங்குங்கள். இதற்குத் தோதானது சின்ன வகுப்பில் கணக்குக்குப் பாவித்த கட்டம் போட்ட கொப்பி. நாலு வரிக் கட்டங்களைக் கம்பிகளாக எடுங்கள், ஒரு கட்டம் அரை அடி. அப்போது எட்டுக் கட்டம் ஒரு சுற்று. எண்ணை அதன் கட்டத்துக்குள் எழுதினால் இடமும் நேரமும் ஒன்றாக வந்துவிடும். நோட் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு கட்டத்துக்கு ஒரு கோடு இழுங்கள். எங்கே அடக்குகிறீர்களோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. மேலே ஒரு வரியில் 'தக தக' எழுதிவையுங்கள். பெட்ருச்சியின் கொடிகள் செய்த வேலையை இந்தக் கட்டங்கள் செய்யும்.

பக்கத்தின் தலையில் ரியூனிங்கும் வேகமும். ஓரத்தில், டிரம்ஸின் பெரிய கால்மத்தளம் விழும் இடங்களுக்குச் சின்னதாக ஒரு வட்டம். உங்கள் நோட்டும் அந்த வட்டமும் எந்தெந்தக் கட்டத்தில் சேர்கின்றன என்று தெரிந்தால், டிரம்ஸ்காரர் உங்களை எந்த வீட்டிலிருந்து வாசிக்கிறீர் என்று கேட்கமாட்டார்.

பேனை வேண்டாம், பென்சில். அடுத்த தடவை பாட்டைக் கேட்கும்போது எதையாவது அழிக்கவேண்டி வரும்.